சபர் போனவரின் வீடு

வாசல் பூட்டின் மேல் சிவப்பு அரக்கு சொட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் ரோஷன் பீவி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாத்த! உள்ள ஆளு கீறேன்!" என்று கத்தினாள்.

வெளியே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவ்வளவுதான். பிறகு கிளார்க் வரதனின் குரல், தெரு முழுக்கக் கேட்கட்டும் என்பது போல, கையிலிருந்த காகிதத்தைப் படித்தது.

"கதவு எண் பதினேழு. வீடு காலி. உள்ளே ஆள் யாரும் இல்லை. மணி ஒன்பது ஐந்து."

"காலியா? அப்ப கத்துறது இன்னா, பேயா?"

"ஆள் யாரும் இல்லை" என்று வரதன் இன்னும் சத்தமாகப் படித்தான். முத்திரைக் கட்டை அரக்கில் 'சொத்'தென்று பதிந்தது.

ரோஷன் பீவி கதவைத் தட்டி நேரத்தை வீணாக்கவில்லை. பழைய புடவைகளுக்கு நடுவே கையை விட்டாள். நான்கு வீட்டு வரி ரசீதுகள், நான்கு பேர் கையெழுத்தும் ரேகையும் வைத்த மனு, இரண்டும் அகப்பட்டன. பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழிருந்து இன்னொன்றையும் உருவினாள். ஓர் உறை. அதை மட்டும் மற்றதோடு சேர்க்காமல் முந்தானை ஓரத்தில் வைத்து இறுக்கி முடிந்துகொண்டாள்.

1954ஆம் வருஷம், ஜனவரி மாதம். பிரிவினையில் பாகிஸ்தானுக்குக் குடிபோய்விட்டவர்களின் சொத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. செங்கல்பட்டில் அந்தத் தெருவிலிருந்து பாகிஸ்தானுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், விரலை மடக்குகிற வேலையே கிடையாது. ஒருவர்கூட இல்லை. ஆனால் மூன்று மாதம் முன்பு விசாரணைக்கு வந்த வரதன் வாசல் வாசலாக நின்று, "வூட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டான். நான்கு வாசலில் ஒரே பதில் வந்தது.

"சபர் போயிருக்காரு."

கடல் கடந்து பிழைக்கப் போவதற்கு அந்தத் தெருவில் அதுதான் பேச்சு. பினாங்குக்குப் போனாலும் சபர், கொழும்புக்குப் போனாலும் சபர். கப்பல் ஏறினால் சபர். போனவர் இரண்டு வருஷத்திலோ ஐந்து வருஷத்திலோ தகரப் பெட்டியும் அத்தர் வாசனையுமாகத் திரும்பி வந்து, வாசலில் நின்று செருமுவார். வரதனுக்கு அந்த வார்த்தை புதிது. ஆபீஸுக்குப் போய் ஃபைலில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் எழுதினான்: 'மைக்ரேட்டட்'. குடிபெயர்ந்துவிட்டார். எங்கே என்று கேட்க மேலே இருந்தவர்கள் சிரமப்படவில்லை. முஸ்லிம் குடிபெயர்ந்தால் வேறு எங்கே போவான்?

அந்த ஒரு சொல்லுக்கு இன்று அரக்கு. நான்கு வீட்டுக்கும் சேர்த்து இறுதி உத்தரவில் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்தது ஏலம்.

பின்பக்கச் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. மிஷன் பள்ளிக்கூட டீச்சர் ஜெசிந்தா. மனுவை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவள்.

"அக்கா, சீக்கிரம்! மகாபலிபுரம் பஸ்ஸு ஒம்பதரைக்கு!"

"டீச்சர், கையைக் குடு. நான் இன்னா குரங்கா?"

"இன்னைக்கு ஒரு நாள் ஆவுங்க."

உரலைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகச் சுவர் தாண்டினாள் ரோஷன் பீவி. முழங்கை சிராய்த்தது. ஜெசிந்தா வெள்ளைத் துப்பட்டியை அவள் தலையில் போர்த்திவிட்டாள்.

"அந்த ஜெனீவா அம்மா ஒரு மணிக்குக் கிளம்பிடும். சாயங்காலம் ஏரோப்ளேன். அதுக்கப்புறம் அது எந்த நாட்டுல இருக்குமோ!"

ஜெனீவா அம்மா என்றால் ஹால்வர்சன். நாடு நாடாகப் போய், அங்கங்கே உள்ள சிறுபான்மை மக்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்த்து எழுதுகிற சர்வதேசக் குழு ஒன்றின் உறுப்பினர். காலையில் செங்கல்பட்டு பங்களாவில் அரை மணி நேரம் உட்கார்ந்தார். 'பிரதிநிதிகள்' என்று அதிகாரிகள் பொறுக்கி எடுத்தவர்கள் உள்ளே போனார்கள். தோல் மண்டி அப்துல் சுபஹான், எல்லாருக்கும் சார்பாக, "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். ரோஷன் பீவியைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. இப்போது அம்மையாரை மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்கக் கூட்டிப் போயிருந்தார்கள்.

"நீயும் வா டீச்சர். எனக்கு இங்கிலீஷ் இன்னா தெரியும்?"

"அவன் ஆளுங்க பூட்டை எடுத்துக்கினு ஹபீபாம்மா வூட்டாண்ட போறாங்க. நான் போய் வாசல்ல உக்காந்துக்கிறேன். உள்ள ஆள் இல்லைன்னு எழுதலாம். வாசல்ல டீச்சர் இல்லைன்னு எழுத முடியாது." ஜெசிந்தா அவள் கையைப் பிடித்தாள். "ஒரே ஒரு வார்த்தையைக் கெட்டியா வெச்சுக்கோங்க. மைக்ரேட்டட். எவன் வாயிலேந்து அது வந்தாலும் வுடாதீங்க."

"மைக்ரேட்டட்" என்றாள் ரோஷன் பீவி, பல்லில் கல் கடிபட்டது போல.

பஸ் நகரத் தொடங்கியபோதுதான் படியில் தொற்றினாள். தடுமாறிப் போய் ஒரு சீட்டில் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், எதிர்ச் சீட்டில் வரதன்! மடியில் சிவப்பு நாடா கட்டிய ஃபைல். விரல் நுனியில் இன்னும் சிவப்பு அரக்கு.

துப்பட்டிக்குள் இருந்தவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. சும்மா இருந்திருந்தால் மாமல்லபுரம் வரை தெரிந்திருக்காது. சும்மா இருப்பது அவளுக்கு வராது.

"இன்னா அண்ணாத்த, பேய்கூட பஸ்ல வருது, பாத்தியா?"

வரதன் ஓரடி எம்பி உட்கார்ந்தான். "நீ... நீ எப்படி வெளிய வந்தே? சீலை உடைச்சியா? கிரிமினல் கேஸு ஆயிடும், தெரியுமா?"

"சீலு பத்திரமா கீது. நான்தான் வூட்டுலயே இல்லையே. நீதானே எழுதினே? இல்லாதவ எப்படி உடைப்பா?"

பின்சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்டக்டர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு வந்து நின்றார்.

"ஆளுக்கு டிக்கெட்டு தெரியும். பேய்க்கு இன்னா சார்ஜுன்னு கம்பெனியில சொல்லலையே!"

"இந்தக் கிளார்க்கய்யா கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஃப்ரீயா வுட்டுடுங்க" என்றாள் அவள். பஸ்ஸே சிரித்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை வரதன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். மலையும் கோவிலும் பின்னால் போனதும் குனிந்து, குரலைத் தணித்தான்.

"இத பாரும்மா. என் மேல கோவிச்சுக்கினு இன்னா பிரயோஜனம்? நான் எழுதுறவன். கையெழுத்துப் போடுறவங்க மேல கீறாங்க. இந்த ஃபைலை அங்க ராஜாராம் சாரண்ட குடுக்கணும். அவருதான் தொரசாணிக்கு இங்கிலீஷ் பேசிக்கினு கூடப் போயிருக்காரு. கையெழுத்தும் அவருதான். அதுக்கு முன்ன ஒரு யோசனை சொல்றேன்."

"சொல்லு."

"உன் வூட்டுக்காரர் நூர்முகமது எந்த ஊர்ல கீறாருன்னு சொல்லு. பினாங்கோ, கினாங்கோ. அத்தாட்சி ஒண்ணு காட்டு. உன் வூட்டை மட்டும் தனியா பிரிச்சுடச் சொல்றேன்."

"மட்டுமா?"

"பின்ன? நாலையுமா பிரிப்பாங்க?"

அவள் விரல்கள் முந்தானை முடிச்சைத் தொட்டன. தொட்டபடியே நின்றன.

"ஹபீபாக்கா மவன் பினாங்குல கீறான். கடுதாசு வந்து ஏழு மாசம். கடை பேருகூட அதுக்குத் தெரியாது. ஜெய்புன்னிசா வூட்டுக்காரர் கொழும்பு. அவரு அனுப்புன காயிதத்தையெல்லாம் கரையான் தின்னுடிச்சு. கிஃபாயத்துல்லா நைனா தம்பி ரங்கூன்ல குண்டு வுழுந்தப்ப இன்னா ஆனாருன்னே தெரியாது. இவங்க எந்த அத்தாட்சியைக் காட்டுவாங்க?"

"அது அவங்க பாடு. நீ உன் பாட்டைப் பாரு."

"என் வூட்டுக்காரர் எங்கே கீறாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்? சொல்ற மாதிரி ஊரா இல்லையா?" வரதனின் கண் சிறுத்தது. "கராச்சியா?"

"நினைச்சுக்கோ. நான் இங்க குந்திகினு கீறேன். என் வூடு இங்க கீது. வரி நான் கட்டுறேன். அப்புறம் அவரு எங்கே போனா உனுக்கு இன்னா? உன் பொண்டாட்டி பொறந்த வூட்டுக்குப் போனா உன் வூட்டுக்கு அரக்கு வெச்சுடுவாங்களா?"

வரதன் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டான். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் அவள் காதில் 'கராச்சி' என்ற சொல் பஸ் நிற்கும் வரை ரீங்காரமிட்டது. முடிச்சை அவிழ்த்து அந்த உறையை நீட்டினால் போதும். தன் வீட்டு அரக்கு சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். வழியில் ஒரு தடவை டயர் வேறு படுத்தியிருந்தது. கடற்கரைக் கோவிலுக்குப் போகும் மணலில் ஒரு ஜீப்பும் ஒரு கறுப்புக் காரும் நின்றன. வரதன் ஓட்டமும் நடையுமாக முன்னால் போனான். அவள் கால் மணலில் புதைந்து புதைந்து எழுந்தது.

கோவில் சுவரோரம் ஒரு கல்லின் மேல், நரைத்த தலையும் சிவந்த மூக்குமாக ஒரு நெட்டை அம்மையார் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், காலர் கசங்காத சட்டையில் ராஜாராம். சற்றுத் தள்ளி, இளநீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அப்துல் சுபஹான்.

ஒரு கான்ஸ்டபிள் லத்தியைக் குறுக்கே நீட்டினார். "நில்லும்மா. அங்கே யாரும் போகக்கூடாது."

"நான் சுபஹான் மாமா கூட வந்தவ."

"அவரு காலையிலேயே வந்துட்டாரே."

ரோஷன் பீவி லத்திக்கு மேலாகத் தலையைத் தூக்கி, அலையின் இரைச்சலையும் மீறி, ஓங்கிக் கூவினாள்.

"மாமா! அஸ்ஸலாமு அலைக்கும்!"

சுபஹானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைப் பார்க்காதது போல் இருந்துவிடலாம். அறுபது வருஷப் பழக்கம் விடவில்லை. சலாம் சொன்னவர் யாராக இருந்தாலும் பதில் கடமை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வ அலைக்கும் ஸலாம்!"

'ஓ, தெரிஞ்சவங்கதான்' என்று லத்தி இறங்கியது. அம்மையாரும் பூட்ஸைக் கையில் பிடித்தபடி திரும்பினார்.

"ஏன் புள்ள இங்க வந்தே?" சுபஹான் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "வாயை மூடிக்கினு இருந்தா நாலு நாள்ல எல்லாம் சரியாப் போயிடும். நானும் இந்த ஊர்ல பொழைக்க வேணாமா?"

"நீங்க பொழைங்க மாமா. பதில் சலாம் சொன்னதுக்கு அல்லாஹ் உங்களுக்கு நன்மை குடுக்கட்டும்."

அவள் நேராக ஹால்வர்சனிடம் போய் மனுவை நீட்டினாள். நடுவில் ஒரு கை வந்தது. சிரித்த முகத்தோடு ராஜாராம் அதை வாங்கி, நான்காக மடித்து, தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் கொடுத்துடறேன். அம்மா உனக்கு வணக்கம் சொன்னாங்க. நீ புறப்படலாம்."

"அவங்க வாயே திறக்கலையே சார்."

ராஜாராமின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. வரதன் அதற்குள் அவர் காதில் ஏதோ ஓதி முடித்திருந்தான்.

"இதோ பார்" என்றார் தணிந்த குரலில். "உன் புருஷன் இருக்கிற இடத்தைச் சொல்லு. உன் கேஸை நான் தனியாப் பார்க்கிறேன். இல்லை, இந்த வெள்ளைக்காரி முன்னால நாட்டோட மானத்தை வாங்கணும்னு வந்திருந்தா, அது வேற. காட்டிக் கொடுக்கிறவங்களுக்கு என்ன பேர், தெரியுமில்ல?"

"நாட்டை யாரு சார் காட்டிக் குடுத்தா? நான் உங்க ஃபைல்ல கீற எழுத்துத் தப்பைக் காட்ட வந்தேன்."

அம்மையார் ராஜாராமைப் பார்த்து ஏதோ கேட்டார். இவள் யார், என்ன சொல்கிறாள் என்பதாகத்தான் இருக்க வேண்டும். ரோஷன் பீவி காத்திருக்கவில்லை. நான்கு விரலை விரித்துக் காட்டினாள்.

"நாலு வூடு தாயீ. நாலு வூட்டு ஆளுங்களும் சபர் போயிருக்காங்க. அவ்ளோதான் நாங்க சொன்னது. அதுக்கு வூட்டைப் புடுங்குறாங்க. உள்ள என்னை வெச்சே கதவுக்கு அரக்கு வெச்சாங்க."

ராஜாராம் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். எண்ணெய் ஊற்றினாற்போல வழுக்கிக்கொண்டு ஓடிய பேச்சு. ஒரு சொல்லும் புரியாமல், உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள் ரோஷன் பீவி. அப்போது, அந்த ஓட்டத்தின் நடுவில், தெளிவாக வந்து விழுந்தது அது.

"...மைக்ரேட்டட்..."

"இல்ல!" அவள் போட்ட சத்தத்தில் கோவில் சுவரிலிருந்து புறாக்கள் கிளம்பின. "மைக்ரேட்டட் இல்ல! நோ மைக்ரேட்டட்! சபர்! சபர்!"

ஹால்வர்சனின் கையிலிருந்த பூட்ஸ் மணலில் விழுந்தது.

"சஃபர்?" என்றார்.

அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஜெனீவாவுக்குப் போகுமுன் ஒன்பது வருஷம் எகிப்தில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவர். கெய்ரோவில் அந்த வார்த்தையைக் காதால் கேட்காத நாளே அவருக்கு இருந்ததில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி, கடல் பக்கமாகக் கொண்டுபோனார். பிறகு அதே விரலை மெல்ல வளைத்துத் தன் பக்கமாகத் திரும்பக் கொண்டுவந்தார். புருவம் கேள்வியாக உயர்ந்தது.

"ஆமா! ஆமா!" ரோஷன் பீவியும் விரலை நீட்டித் திருப்பினாள். "சபர். போயிட்டு வர்றது. போயே போயிட்டா அதுக்கு வேற வார்த்தை கீது. ஹிஜ்ரத். நாங்க ஹிஜ்ரத்துன்னு சொல்லவே இல்ல. சபர்னுதான் சொன்னோம்."

"சஃபர்" என்றார் ஹால்வர்சன், நிதானமாக. "நாட் ஹிஜ்ரா." ராஜாராமின் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"மேடம், வட்டார வழக்கு... தி வுமன் இஸ் இல்லிட்டரேட்..." ராஜாராம் கைக்குட்டையை எடுத்தார்.

அம்மையார் அவரைத் தாண்டி, அப்துல் சுபஹானை விரலால் அழைத்தார். காலையில் குறையே இல்லை என்று சொன்னவர் அல்லவா? சபர் என்றால் என்ன?

சுபஹான் இளநீரைப் பார்த்தார். ராஜாராமைப் பார்த்தார். தோல் மண்டி லைசென்ஸ், அதற்கு முத்திரை போடுகிற ஆபீஸ், மணலில் நிற்கும் ஜீப், எல்லாம் அந்த ஒரு பார்வையில் இருந்தன. கடைசியில் ரோஷன் பீவியின் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார். இளநீரைக் கான்ஸ்டபிள் கையில் திணித்தார்.

"நானும் ஆறு வருஷம் ரங்கூன்ல சபர்ல இருந்தவன்தான் சார்" என்றார் ராஜாராமிடம். "உங்க ஃபைல் கணக்குப்படி நான் இன்னும் திரும்பியே வரலை. இங்க நிக்கிறது யாரு?"

"சுபஹான் பாய், நான் மொழிபெயர்க்கிறேன், நீங்க..."

"வேணாம் சார். நீங்க மொழிபெயர்த்தது போதும்." ரங்கூன் கடையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் பேசிப் பழகிய ஆங்கிலத்தை முப்பது வருஷம் கழித்துத் தூசு தட்டி எடுத்தார். "மேடம்! சபர் மீன்ஸ் கோ. ஒர்க். கம் பேக். மீ, ரங்கூன் கோ. மீ, கம் பேக். மீ, ஹியர்!" என்று மார்பில் அறைந்துகொண்டார். "மார்னிங் ஐ டெல் நோ ப்ராப்ளம். தட் ஈஸ் பொய்!"

'பொய்'க்கு மட்டும் ஆங்கிலம் கிடைக்கவில்லை. அம்மையாருக்கு அது தேவையாகவும் இல்லை.

அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு ராஜாராமிடம் மிக மரியாதையாக ஒன்று கேட்டார். ராஜாராமின் முகம் வெளுத்தது.

"இன்னா மாமா கேக்குது?" என்றாள் ரோஷன் பீவி.

"அவரு பேருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லுது புள்ள. அறிக்கையில போடணுமாம். சபரை மைக்ரேட்டட்னு மொழிபெயர்த்தவரு இன்னாருன்னு." சுபஹானின் மீசை துடித்தது. "அவரு பையில கீற காயிதத்தையும் கேக்குது."

மனு கை மாறியது. ஹால்வர்சன் அதை எழுந்து நின்று படித்தார். பிறகு ரோஷன் பீவியிடம் பேசினார். ராஜாராம், சுபஹானின் காதுக்குப் பயந்து, சொல்லுக்குச் சொல் சரியாகத் தமிழில் சொன்னார்.

"அவங்களால உத்தரவு போட முடியாதாம். யாரையும் தண்டிக்க முடியாதாம். பார்த்ததை எழுத மட்டும்தான் முடியுமாம். அதுக்காக மன்னிப்புக் கேட்கிறாங்க."

"எழுதச் சொல்லுங்க சார். ஒரு வார்த்தை எழுதினதாலதானே வூடு போச்சு? எழுதியே திரும்பி வரட்டும்."

மணி பன்னிரண்டரை. காரின் டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். அம்மையார் அசையவில்லை; பென்சிலைப் பிடித்தபடி நின்றார். ராஜாராம் கடலைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடைசியில் வரதனிடம் கையை நீட்டினார்.

"ஃபைல்."

வரதன் நாடாவை அவிழ்த்தான். ராஜாராம் பேனாவைத் திறந்து, அந்த ஆங்கிலச் சொல்லின் மேல் கோடு இழுத்தார். பக்கத்தில், 'சொல் தவறாகக் கொள்ளப்பட்டது. நடவடிக்கைகள் ரத்து. முத்திரையை உடனே அகற்றவும்' என்று எழுதத் தொடங்கினார்.

"எத்தினி வூட்டுக்கு சார்?"

"நாலுக்கும்தான்."

"நாலுன்னு எழுத்துல எழுதுங்க. நம்பரா போட்டா பின்னாடி எவனாச்சும் ஒண்ணாக்கிடுவான்."

ராஜாராம் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு 'நான்கு வீடுகள்' என்று எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். அம்மையார் அதைப் பார்த்து அப்படியே தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். சுபஹான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காற்றில் மணல் பறக்கிறது என்றார். ஒரு பொட்டு மணலும் பறக்கவில்லை.

"எல்லாம் ஆச்சு" என்றார் ராஜாராம், பேனாவை மூடிக்கொண்டே. குரலில் பழைய வழவழப்பு இல்லை. "இப்பவாவது சொல்லும்மா. உன் வீட்டுக்காரர் எங்கேதான் போயிருக்கார்? அவ்வளவு பிடிவாதமா மறைச்சியே!"

"கராச்சிதான் சார், நான் அப்பவே..." என்றான் வரதன்.

ரோஷன் பீவி முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உறையை எடுத்து வரதனிடம் நீட்டினாள்.

"நீதான் எழுதினே. நீயே படி. சத்தமா படி, காலையில படிச்சியே, அந்த மாதிரி."

வரதன் உறையைத் திருப்பினான். "இது நம்ம ஊரு ஸ்டாம்பு ஆச்சே! மேல ஹிந்தியில இன்னாமோ அடிச்சிருக்காங்க சார்."

ராஜாராம் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஹிந்தி தெரியும். அந்த எழுத்துகளை இரண்டு தடவை படித்தார்.

"சண்டை நடந்த ஊருன்னு தெரிஞ்சா அவரு அக்கா ஹபீபா அழுது ஊரைக் கூட்டிடும்னு தெருவுல யாருக்கும் சொல்ல வேணாம்னாரு" என்றாள் ரோஷன் பீவி. "நோட்டீஸு வந்தப்புறம் நானே சொல்லலை. இதைக் காட்டியிருந்தா என் வூட்டை மட்டும் வுட்டுட்டு மூணு வூட்டை எடுத்துக்கினு போயிருப்பீங்க. படி அண்ணாத்த."

வரதன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தான்.

"அன்புள்ள ரோஷனுக்கு, நான் நலம். குளிர்தான் தாங்கவில்லை, சோற்றுத் தண்ணீர் பானையிலேயே உறைந்துவிடுகிறது. தினம் முந்நூறு பேருக்குச் சமைக்கிறேன். சண்டையில் பிடிபட்டு, ஊர் திரும்ப மாட்டோம் என்று இங்கே முள்வேலிக்குள் இருக்கும் கைதிகளைக் காவல் காப்பதுதான் நம் ஆட்களுக்கு வேலை. ஒவ்வொரு கைதியையும் தனியாக ஒரு கூடாரத்தில் உட்காரவைத்து, நீ எந்த நாட்டுக்குப் போக விரும்புகிறாய் என்று கேட்கிறார்கள். அவனவன் தன் வாயால் சொன்னதைத்தான் எழுத வேண்டுமாம். அவனுக்குப் பதிலாக வேறு யாரும் சொல்லக்கூடாது, எழுதக்கூடாது. உலகமெல்லாம் கூடிப் போட்ட ஏற்பாடாம். அதை நியாயமாக நடத்த நம் நாட்டைத்தான் நம்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எங்கள் கேப்டன் சொன்னார். கேட்கவே பெருமையாக இருந்தது. மாசி பிறந்து கப்பல் ஏறுவோம். வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டு வை..."

வரதன் காகிதத்தைக் கீழே இறக்கினான்.

"நிறுத்தாதே. கீழே கையெழுத்தையும் படி" என்றாள் ரோஷன் பீவி.

"இப்படிக்கு, நூர்முகமது. சமையல் ஆள். இந்திய ராணுவம், கொரியா."